மைனஸ் ஒன்று

இரவு இரண்டே கால்.
பாதாமித் தோப்பில் வாய்க்கால் ஓர வரிசையில்
தாழ்ந்த கிளையில் தொங்குகிறது வெப்பமானி.
ஒன்று காட்டுகிறது.
மைனஸ் ஒன்றுக்கு இறங்கினால் ஈர வைக்கோலைக் கொளுத்துவோம்.
அதுவரைக்கும் பேச வேண்டும்,
கண் அசந்தால் பூ போய்விடும்.

ரஸ்மிக் தொடங்குகிறான்:
"இதெல்லாம் ஒரு குளிரா?
தொண்ணூற்று மூன்றில் ஏப்ரல் பாதியில் பனி கொட்டியதே,
பூ எது பனி எது என்று தேனீக்கே விளங்கவில்லை."

"தொண்ணூற்று மூன்றில் பூக்க மரம் ஏது?" என்கிறாள் ஷோகிக்.
"கரண்ட் இல்லாத அந்தக் குளிர்காலத்தில்
பாதித் தோப்பு அடுப்புக்குள் போனது.
நீ சொல்வது தொண்ணூற்று ஏழு.
உன் மைத்துனன் கல்யாணத்துக்கு
ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றாயே, அந்த வருஷம்."

"பூட்ஸ் உண்மை. வருஷம் வேறு."

ஷோகிக் விரலை மடக்குகிறாள்.
பிப்ரவரியிலேயே வெயில் தோளில் கை போட்ட வருஷம்,
மார்ச் எட்டுக்குள் தோப்பே வெளுத்துவிட்டது.
யாரோ ஒருவன் ஒரு கிளையை ஒடித்து
அவள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான்.
மாதக் கடைசியில் இரண்டே மணி நேரம்,
பூவெல்லாம் தேயிலைத்தூள் நிறம்.
"குவளைத் தண்ணீரில் நின்ற அந்தக் கிளை மட்டும்
கருகவில்லை" என்கிறாள்.
ரஸ்மிக் டார்ச்சை அணைத்துவிட்டுப் பாட்டரியைத் துடைக்கிறான்.

நான் வாயைத் திறக்கவில்லை.
இந்த வழக்கைத் தீர்க்கக்கூடிய சாட்சியை
எரித்தவள் நான்தான்.

கொட்டகைக் கதவின் உட்பக்கம்
வர்ட்கெஸ் பென்சிலால் எழுதிவந்தான்.
*ஏப். 4, மைனஸ் 3, பாதி போச்சு.*
*மே 1, ஆலங்கட்டி, வால்நட் அளவு. ரஸ்மிக் முட்டை அளவு என்பான், நம்பாதே.*
பிறகு கட்டட வேலைக்குக் கிராஸ்னதார் போனான்.
மார்ச்சில் போவான், முதல் பனியோடு வருவான்.
பதினோரு வருஷமாய் அவன் பூவைப் பார்த்ததில்லை,
ஆனாலும் எந்த வருஷம் எப்போது பூத்தது என்று
போனில் என்னைத் திருத்துவான்.

அவன் போன மூன்றாம் வசந்தத்தில் ஒரு ராத்திரி,
வைக்கோல் நனைந்து பற்றவே இல்லை.
டயர் இல்லை. ஆளும் இல்லை.
கதவைக் கீலோடு பிடுங்கி
கோடரியால் நாலாய்ப் பிளந்து வைத்தேன்.
நன்றாக எரிந்தது.
இரண்டு வரிசை பிழைத்தது.

எரிவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் கடைசியாய்ப் படித்தேன்.
இருபது வருஷத்து உறைபனி, கல்மழை, பருவம் தப்பிய சூடு.
நடுவில் ஒரே ஒரு வரி, தேதிகூடப் போடாமல்:
*இந்த வருஷம் எழுத ஒன்றுமில்லை.*

அது எந்த வருஷம்?
கேட்டால் இருவருக்கும் தெரியாது.
நான் யோசித்துப் பார்க்கிறேன், எனக்கும் தெரியவில்லை.
பழம் பறித்திருப்போம், கூடை போதாமல் ஓடியிருப்போம்,
ஜாம் கிண்டி விரல் ஒட்டியிருக்கும்.
இருந்துவிட்டுப் போயிருக்கிறது
ஒரு முழு வசந்தம்,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

போன் அதிர்கிறது. அங்கே மணி ரெண்டு ஆகவில்லை.
"தூங்கலையா?"
"அங்கே எவ்வளவு?"
"சுழியம்."
"தொண்ணூற்று ஆறு மாதிரி இருக்கு" என்கிறான்.
"கதவைப் பார். எழுதியிருப்பேன்."

கதவு இருந்த இடத்தில் தார்ப்பாய் அசைகிறது.
"இருட்டு" என்கிறேன். "காலையில் பார்த்துச் சொல்றேன்."
எட்டு வருஷமாய் இதையேதான் சொல்கிறேன்.
அவனும் எட்டு வருஷமாய்,
ஊருக்கு வந்து தார்ப்பாயைத் தானே விலக்கி உள்ளே போகிறவன்,
கதவைப் பார் என்றுதான் சொல்கிறான்.

வாய்க்கால் பக்கமிருந்து ஷோகிக் கத்துகிறாள்:
"இறங்கிடுச்சு!"

மூன்று பேரும் ஓடுகிறோம்.
முதல் குவியலில் ரஸ்மிக் குனிந்து
தீக்குச்சியைக் கையால் பொத்துகிறான்.
ஈர வைக்கோல் இருமுகிறது, புகைகிறது,
புகை தரையோடு தவழ்ந்து மரங்களின் முழங்கால்வரை ஏறுகிறது.

கண்ணைக் கசக்கிக்கொண்டே சொல்கிறான்,
யாரைப் பார்த்தும் இல்லை:
"சரி, தொண்ணூற்று ஏழுதான்."